நாய்க்குப் போட நினைத்த ஊசி: லூயி பாஸ்டருக்கும் பழவேற்காட்டுக் குப்பத்து நாய்க்கும் என்ன சம்பந்தம்?

ஜூலை 6, விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான உலக தினம். செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினம். இரண்டு தேதிகளும் ஒரே மனிதரின் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டவை. முதலாவது, அவர் ஒரு சிறுவனுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட ஏற்பாடு செய்த நாள். இரண்டாவது, அவர் இறந்த நாள்.

அவர் லூயி பாஸ்டர். தினமும் வாங்கும் பால் பாக்கெட்டில் பாஸ்டுரைஸ்டு என்று போட்டிருப்பது இவர் பெயரைத்தான். வெறிநாய் கடித்தவர்களைக் காப்பாற்றிய விஞ்ஞானி என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த ஊசியை அவர் முதலில் தயார் செய்தது மனிதர்களுக்காக இல்லை, நாய்களுக்காக. அந்தத் திட்டத்தை ஏன் கைவிட்டார், அது இன்றைக்கு வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஏன் முக்கியம்? பார்க்கலாம்.

கொல்லன் பட்டறையில் கேட்ட அலறல்

1822 டிசம்பர் 27-ல் பிரான்ஸின் டோல் என்ற ஊரில் பிறந்தார் பாஸ்டர். அப்பா தோல் பதனிடும் தொழிலாளி, நெப்போலியன் படையில் இருந்தவர். குடும்பம் பிறகு அர்புவா என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தது.

1831-ல், பாஸ்டருக்கு எட்டு வயது இருக்கும்போது, வெறிபிடித்த ஓநாய் ஒன்று அந்த வட்டாரத்தில் பலரைக் கடித்துக் குதறியது. அப்போது இருந்த ஒரே வைத்தியம் சூடு போடுவது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கூட்டிப்போய், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுட்டார்கள். அந்த அலறல் சிறுவன் லூயியின் காதிலும் விழுந்தது. சூடு போட்டும் அந்த வட்டாரத்தில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள்.

சிறுவயதில் அவருக்குப் பிடித்தது படம் வரைவது. அப்பா அம்மாவையும் அக்கம்பக்கத்தினரையும் அவர் வரைந்த ஓவியங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. விஞ்ஞானத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

டாக்டர் கிடையாது, கெமிஸ்ட்!

பாஸ்டர் மருத்துவம் படித்தவரே இல்லை. அவர் ஒரு வேதியியலாளர். ஒயின் ஏன் புளிக்கிறது, பால் ஏன் கெடுகிறது என்று தேடப்போய், எல்லாவற்றுக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருப்பதை நிரூபித்தார். அளவான சூட்டில் அவற்றைக் கொல்லும் முறைதான் பாஸ்டுரைசேஷன்.

சொந்த வாழ்க்கையில் அடி மேல் அடி. ஐந்து பிள்ளைகளில் மூன்று பேரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தார். அதில் இரண்டு மகள்கள் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார்கள். 1868-ல் பக்கவாதம் வந்து இடதுபக்கம் பாதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 45 வயது. அதற்குப் பிறகு நுணுக்கமான கைவேலைகளுக்கு உதவியாளர்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ரேபிஸ் ஆய்வு உட்பட அவருடைய பெரிய சாதனைகள் பலவும் இதற்குப் பிறகு வந்தவை.

1879-ல் கோழிகளுக்கு வரும் காலராவை ஆராய்ந்தபோது, வீரியம் குறைந்த கிருமியைச் செலுத்தினால் நோய்க்குப் பதிலாக எதிர்ப்புச் சக்தி வருகிறது என்று கண்டுபிடித்தார். 1881-ல் ஆடு மாடுகளைக் கொல்லும் ஆந்த்ராக்ஸ் நோய்க்குத் தடுப்பூசி. அடுத்த குறி, ரேபிஸ்.

கண்ணுக்கே தெரியாத எதிரி

ரேபிஸ் கிருமி அன்றைய மைக்ராஸ்கோப்பில் தெரியவே இல்லை. அது வைரஸ் என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது. வெறிபிடித்த நாயின் எச்சிலில் நோய் இருக்கிறது, அது கடைசியில் மூளையைத் தாக்குகிறது என்ற அளவுக்குத்தான் புரிந்திருந்தது.

பாஸ்டரும் அவருடைய சகா எமில் ரூவும் முயல்களைப் பயன்படுத்தினார்கள். ரேபிஸில் இறந்த முயலின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கவிட்டு, ஈரம் இல்லாத காற்றில் காயவைத்தார்கள். நாள் ஆக ஆக வீரியம் குறைந்தது. 14 நாள் காய்ந்த துண்டு கிட்டத்தட்ட சாது. இதில் ஆரம்பித்து, தினமும் கொஞ்சம் வீரியம் கூடியதைச் செலுத்திக்கொண்டே போனால் உடம்பு தயாராகிவிடும் என்பதுதான் ஐடியா.

முதலில் இந்தச் சிகிச்சை பெற்றவை நாய்கள்தான். 1884-ல் அரசு அமைத்த குழுவின் முன்னால், ஊசி போட்ட நாய்களையும் போடாத நாய்களையும் நோய்க்கு ஆளாக்கிப் பார்த்தார்கள். ஊசி போட்டவை தாக்குப்பிடித்தன. இந்த ஆய்வில் ஏராளமான நாய்களும் முயல்களும் உயிரிழந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விலங்குகளை வைத்துச் சோதனை செய்வதற்கு அன்றைக்கே எதிர்ப்பு இருந்தது.

ஏன் நாய்த் திட்டம் நின்றது?

பாஸ்டரின் முதல் கணக்கு ரொம்ப சிம்பிள். மனிதருக்கு ரேபிஸ் வருவது பெரும்பாலும் நாயிடமிருந்து. நாய்க்கே வராமல் தடுத்துவிட்டால் மனிதருக்கும் வராது.

சிக்கல் எண்ணிக்கையில் வந்தது. அவருடைய கணக்குப்படி பாரிஸில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இருந்தன. மற்ற ஊர்களில் சுமார் 25 லட்சம். ஒவ்வொன்றுக்கும் பல ஊசிகள் போட வேண்டும். ஊசி மருந்துக்கு முயல்கள் வேண்டும். அவ்வளவு முயல்களுக்கு எங்கே போவது, அவ்வளவு நாய்களை யார் பிடித்து வருவது?

அதனால் வேறு வழியில் யோசித்தார். ரேபிஸ் கிருமி நரம்பு வழியாக மெதுவாகத்தான் மூளைக்குப் போகிறது. கடித்த பிறகு அறிகுறி தெரிய பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகிறது. அந்த இடைவெளியில், கடிபட்டவருக்கே ஊசி போட்டால்?

1885 ஜூலை 6

அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டரை அவனுடைய அம்மா பாரிஸுக்கு அழைத்து வந்தார். இரண்டு நாள் முன்பு நாய் கடித்ததில் உடம்பில் 14 காயங்கள். கவனிக்க வேண்டிய விஷயம்: அவனைக் கடித்தது ஒரு மளிகைக் கடைக்காரர் வளர்த்த நாய்.

மனிதருக்கு ஊசி போட பாஸ்டருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. டாக்டர் கிராஞ்சே ஊசி போட்டார், பாஸ்டர் பக்கத்தில் நின்றார். சில நாட்களுக்குள் 13 ஊசிகள். பையன் பிழைத்தான். வளர்ந்த பிறகு, பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலேயே காவலாளியாக வேலை பார்த்தார்.

செய்தி பரவியதும் ஐரோப்பா முழுவதிலிருந்தும் கடிபட்டவர்கள் வரிசைகட்டினார்கள். 1886 மார்ச்சுக்குள் 350 பேருக்குச் சிகிச்சை. ரஷ்யாவிலிருந்து ஓநாய் கடித்த 19 பேர் வந்தார்கள், 16 பேர் உயிரோடு திரும்பினார்கள். உலகம் முழுவதும் திரட்டிய நன்கொடையில் 1888 நவம்பரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் திறக்கப்பட்டது.

எல்லாமே வெற்றிக் கதையா?

இல்லை. கடித்து 37 நாள் கழித்துக் கொண்டுவரப்பட்ட பத்து வயதுச் சிறுமி லூயிஸ் பெல்லத்தியேவைக் காப்பாற்ற முடியவில்லை. லேட் ஆகிவிட்டது என்று தெரிந்தும், பெற்றோரிடம் முடியாது என்று சொல்ல பாஸ்டருக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தன் ஆய்வுக் குறிப்பேடுகளை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று அவர் குடும்பத்திடம் சொல்லியிருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அவை ஆய்வாளர்கள் கைக்குக் கிடைத்தன. 1995-ல் வரலாற்றாசிரியர் ஜெரால்ட் கெய்சன் அவற்றை அலசி ஒரு புத்தகம் எழுதினார். மைஸ்டருக்குப் போட்ட அதே முறையை நாய்களிடம் பாஸ்டர் முழுமையாகச் சோதித்து முடித்திருக்கவில்லை என்பது அவர் வைத்த முக்கியமான குற்றச்சாட்டு. இதை மறுத்த விஞ்ஞானிகளும் உண்டு. இன்றைய மருத்துவ விதிகளின்படி அந்த ஊசிக்கு அனுமதி கிடைத்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

1895 செப்டம்பர் 28-ல் பாஸ்டர் காலமானார். அவர் உடல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

குன்னூர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு

இந்தியாவில் முதல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1900-ல் இமாச்சல மலையில் உள்ள கசௌலியில் வந்தது. தென்னிந்தியாவில் ஒருவரை நாய் கடித்தால் அவ்வளவு தூரம் ரயிலில் போக வேண்டும். அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் கொடுத்த நன்கொடையில் ஒரு லட்சம் ரூபாயை வைத்து, 1907-ல் குன்னூரில் இன்னொரு இன்ஸ்டிடியூட் திறக்கப்பட்டது. அது இன்றும் இயங்குகிறது.

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் ஆட்டு மூளையிலிருந்து ஒரு தடுப்பூசி தயாரித்தார். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று தாத்தா பாட்டி பயமுறுத்துவார்களே, அது இதுதான். 2000-களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் புழக்கத்தில் இருந்தது. இப்போது கையில் நான்கைந்து தவணை, அவ்வளவுதான்.

பழவேற்காட்டில் இது என்ன கணக்கு?

சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு ஏரி. லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம், வைரவன்குப்பம் என்று வரிசையாக மீனவக் கிராமங்கள். மீன் இறங்கும் இடத்தில் நாய்களும் இருக்கும். இப்படிப்பட்ட கடலோர ஊர்களில் ஒரு நாய்க்கு நாலு வீட்டில் சோறு கிடைக்கும், ஆனால் ஊசி போடக் கூட்டிப்போக ஒரு வீடு இருக்காது. வளர்ப்பு நாயா தெரு நாயா என்று பிரிக்க முடியாத இந்த நாய்கள்தான் எல்லோரும் மறந்துபோகிற இடம்.

மீனவர்களுக்குக் கூடுதல் ரிஸ்க் ஒன்றும் உண்டு. வலைக்கயிறு, தூண்டில் முள், மீன் முள், நண்டுக் கொடுக்கு என்று கையில் எப்போதும் ஒரு கீறல் இருக்கும். ரேபிஸ் வர நாய் கடிக்கவே வேண்டியதில்லை. நோய் உள்ள நாய் திறந்த காயத்தில் நக்கினாலே போதும்.

உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸில் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. 99 சதவீதம் நாய்கள் மூலம். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட முடியாது.

நாய் இருக்கும் வீடு செய்ய வேண்டியவை

• குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசி. பூஸ்டர் எப்போது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு, பிறகு வருடம் ஒருமுறை. ஜூலை 6, செப்டம்பர் 28-ஐ ஒட்டிப் பல ஊர்களில் இலவச முகாம்கள் நடக்கும்.

• வாரம் ஒருமுறை முடியை விலக்கிப் பாருங்கள். உண்ணி, சொறி, கடிபட்ட காயம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் கட்டாயம் பாருங்கள்.

• உப்புத் தண்ணீரில் இறங்கி வந்த நாயை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள். ஈரமும் உப்பும் தங்கினால் தோல் அரிக்கும்.

• கையில் காயம் இருப்பவர் நாயைக் குளிப்பாட்ட வேண்டாம். வீட்டில் வேறு ஒருவர் செய்யட்டும்.

• நாயின் நடத்தை திடீரென்று மாறினால், எச்சில் ஒழுகினால், விழுங்கச் சிரமப்பட்டால், முள் மாட்டியிருக்கும் என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

• கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம். நேராக அரசு ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது மருத்துவமனைக்குப் போங்கள். ஆழமான காயம் என்றால் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும்.

• எல்லாத் தவணைகளையும் முடியுங்கள். இரண்டாவது ஊசிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கடலுக்குப் போக வேண்டி வந்தால், முன்பே மருத்துவரிடம் சொல்லித் தேதியைப் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் திட்டம் இப்போது முடியுமா?

முடியும். இன்றைய நாய்த் தடுப்பூசிக்கு முயலின் தண்டுவடம் தேவையில்லை, தினம் ஒரு ஊசியும் தேவையில்லை. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தொடர்ந்து ஊசி போட்டுவந்தாலே, ரேபிஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோவாவில் வீட்டு நாய், தெரு நாய் என்று பிரிக்காமல் திரளாக ஊசி போட்டதில் மனித உயிரிழப்புகள் பூஜ்ஜியம் வரை குறைந்தன.

பத்து நாயில் ஏழு. சோறு போடும் நாலு வீட்டில் ஒரு வீடு பொறுப்பெடுத்து, முகாம் நாளில் அந்த நாயைக் கயிற்றில் பிடித்துக் கூட்டிப்போனால் ஒரு குப்பத்துக்கு இந்தக் கணக்கு எட்டாத ஒன்றில்லை. 1885-ல் பாஸ்டருக்கு இல்லாத வசதி இது ஒன்றுதான்.