சைபரைத் தேடிய சிறுவன்!
கணித மேதை ராமானுஜன் வரலாறு

பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு கணக்கு அடிக்கடி தலைகாட்டும்.

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். அதிலிருந்து அந்த எண்ணின் 5 மடங்கைக் கழிக்க வேண்டும். அதோடு 6-ஐக் கூட்ட வேண்டும். கடைசியில் சைபர் வர வேண்டும். அந்த எண் எது?

2 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு 4. அதில் 10-ஐக் கழித்தால் 6 குறைகிறது. அந்த 6-ஐக் கூட்டினால் சரியாகிவிடும். மீதி சைபர்!

3 என்று வைத்தாலும் சரிதான். மும்மூன்று 9. அதில் 15-ஐக் கழித்தால் 6 குறைகிறது. 6-ஐக் கூட்டினால் மறுபடியும் சைபர். ஆக, கணக்கு ஒன்று; விடை இரண்டு!

பூமாலைக் கோடு

இதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்க்கலாம். 0, 1, 2, 3, 4, 5 என்று ஒவ்வோர் எண்ணாக வைத்தால் 6, 2, 0, 0, 2, 6 என்று வரும். இவற்றைப் புள்ளிகளாக வைத்துச் சேர்த்தால், இரண்டு ஆணிகளில் தொங்கவிட்ட பூமாலை போல ஒரு வளைகோடு கிடைக்கும்.

தாளில் குறுக்கே படுத்திருக்கும் கிடைக்கோட்டை இந்த வளைகோடு 2-ல் வெட்டிக் கீழே இறங்குகிறது. 3-ல் வெட்டி மேலே ஏறுகிறது. அந்த இரண்டு இடங்கள்தான் விடைகள்.

இதற்கு இருபடிச் சமன்பாடு என்று பெயர். இதைத் தீர்க்கும் வழியைப் பிரம்மகுப்தர் கி.பி. 628-ம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். பின்னர் வந்த ஸ்ரீதரரும் ஒரு வழி சொன்னார்.

இதைவிடக் கடினமான கணக்குகளில் மனத்தைப் பறிகொடுத்த ஒரு சிறுவன் கும்பகோணத்தில் இருந்தான். அவன்தான் ராமானுஜன்.

மூன்று, நான்கு, ஐந்து

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை சீனிவாச அய்யங்கார் துணிக் கடையில் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள். வறுமை வாட்டிய குடும்பம்.

சிறுவன் டவுன் ஹைஸ்கூலில் படித்தான். சுமார் 15 வயதில், 1902-ல், முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியைத் தெரிந்துகொண்டான். முப்படி என்றால், வளைகோடு கிடைக்கோட்டை மூன்று இடங்கள் வரை வெட்டக்கூடும்.

அதோடு அவன் நிற்கவில்லை. அடுத்தது நாற்படி. அதற்கு யாரும் வழி காட்டவில்லை. தானே ஒரு வழி கண்டுபிடித்தான்!

மறு ஆண்டு ஐந்துபடிக்குப் போனான். போட்டுப் போட்டுப் பார்த்தான். விடை பிடிபடவில்லை.

பிடிபடாது! ஐந்துபடிக்குப் பொதுவான சூத்திரம் ஒன்றைக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் ஆகியவற்றால் மட்டும் அமைக்கவே முடியாது என்று நார்வே நாட்டு இளைஞர் ஆபெல் 1824-லேயே நிரூபித்துவிட்டார். அந்தச் செய்தி கும்பகோணத்துச் சிறுவனுக்குத் தெரியாது. முட்டிய கதவு, திறக்க முடியாத கதவு!

கல்லூரியில் தோல்வி

1903-ல் கார் என்பவர் எழுதிய கணித நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் அடங்கிய நூல் அது. விளக்கம் சொற்பம். ஒவ்வொன்றையும் ராமானுஜன் தாமே நிரூபிக்க முற்பட்டார்.

1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் கணிதத்தைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லவில்லை. உபகாரச் சம்பளம் பறிபோயிற்று.

1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் கெட்டது. ஊர் திரும்பினார். பிறகு எழுதிய எப்.ஏ. பரீட்சையில் கணிதத்தில் தேறினார். மற்றப் பாடங்களில் தவறினார். படிப்பு அத்தோடு முடிந்தது.

1909-ல் ஜானகி என்ற சிறுமியை மணந்தார். கையில் பட்டம் இல்லை, வேலை இல்லை. காகிதம் வாங்கவும் காசு இல்லை. சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார்.

நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச்சு 1-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

1913 ஜனவரியில் இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அது அவர் வாழ்க்கையை மாற்றியது. 1914 மார்ச்சு 17-ந் தேதி சென்னையில் கப்பல் ஏறினார்.

வீட்டு எண் புதிர்

கேம்பிரிட்ஜில் ராமானுஜன் தாமே சமைத்துச் சாப்பிட்டார். ஒரு நாள் அவருடைய அறைக்கு நண்பர் மஹலனோபிஸ் வந்திருந்தார். பின்னாளில், 1931-ல், இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் இவரே.

ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். மஹலனோபிஸ் ஒரு பத்திரிகையில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார்.

ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என்று வரிசையாக இருக்கின்றன. ஒரு வீட்டுக்கு முன்னால் உள்ள எண்களின் கூட்டுத் தொகையும், பின்னால் உள்ள எண்களின் கூட்டுத் தொகையும் சமம். தெருவில் 50 வீடுகளுக்கு மேல், 500-க்குள். அது எத்தனையாவது வீடு?

சின்னத் தெருவில் பார்ப்போம். மொத்தம் 8 வீடுகள். 6-ம் எண் வீட்டுக்கு முன்னால் 1, 2, 3, 4, 5. கூட்டினால் 15. பின்னால் 7, 8. கூட்டினால் 15. சரியாக இருக்கிறது!

பெரிய தெருவுக்கு விடை 204-ம் எண் வீடு. மொத்தம் 288 வீடுகள். இதற்குள்ளும் இருபடிச் சமன்பாடு ஒளிந்திருக்கிறது. 204-ஐ 204-ஆல் பெருக்கி, இரட்டிப்பாக்கினால் 83,232. ஓர் எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கினால் இந்தத் தொகை வர வேண்டும். 288-ஐ 289-ஆல் பெருக்கினால் வருகிறது. வளைகோடு கிடைக்கோட்டை 288-ல் வெட்டுகிறது. இன்னோர் இடத்திலும் வெட்டும். அது சைபருக்குக் கீழே. அப்படி ஒரு தெரு கிடையாது!

மஹலனோபிஸ் சிறிது நேரம் முயன்று இந்த ஒரு விடையைக் கண்டுபிடித்திருந்தார். ராமானுஜனோ, கரண்டியைக் கையில் வைத்தபடியே ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதில் இந்த விடை மட்டுமா இருந்தது? 8 வீட்டுத் தெரு, 49 வீட்டுத் தெரு, 288 வீட்டுத் தெரு என்று எல்லா விடைகளும் வரிசையாக அடங்கியிருந்தன!

சேத்துப்பட்டில் முடிவு

1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ ஆனார். அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. எப்.ஏ.கூடத் தேறாதவர்!

ஆனால் நோய் பற்றிக்கொண்டது. 1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஜனவரியில்கூட ஒரு புதிய கண்டுபிடிப்பை ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

ஜானகி அம்மாள் நெடுங்காலம் திருவல்லிக்கேணியில் வாழ்ந்து 1994-ல் மறைந்தார். ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 இன்று தேசிய கணித தினம்.

ஐந்துபடியில் தோற்ற சிறுவன் கணக்கை விட்டிருந்தால் இந்த வரலாறே இல்லை. இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கணக்கு வரவில்லையா? சிலேட்டை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள்!