சிப்பிக்குள் முத்தை விதைத்தவர்

கொற்கை இன்று கடற்கரை ஊர் அல்ல. தாமிரபரணி ஆறு நூற்றாண்டுக் கணக்கில் கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் விலகிப் போய்விட்டது. ஊரைச் சுற்றி வயலும் வாழையும்தான். ஆனால் ஒரு காலத்தில் அது பாண்டியர்களின் துறைமுகம். அங்கே எடுத்த முத்து கப்பல் ஏறி ரோமாபுரி வரை போனது. பொன் வேலை நடக்கும் பட்டறைக்கு அந்நாளில் அக்கசாலை என்று பெயர். அந்தப் பெயரோடு ஒரு சிவன் கோவில் இன்றும் கொற்கையில் இருக்கிறது.

கடல் விலகியதும் முத்து வியாபாரம் காயலுக்குப் போனது. பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. முத்துக்குளிப்புக்குச் "சலாபம்" என்று பெயர். சலாபம் கூடினால் கடற்கரையில் திருவிழாக் கூட்டம்! குளியாளிகள் கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்துப் பாக ஆழம் இறங்குவார்கள். மூச்சு முட்டுவதற்குள் பையில் சிப்பியை வாரிக்கொண்டு மேலே வரவேண்டும். சுறா வராமல் இருக்க மந்திரம் சொல்லக் "கடல்கட்டி" என்று ஓர் ஆள் உண்டு. இவ்வளவுக்கும் பிறகு, நூற்றுக்கணக்கான சிப்பிகளை உடைத்தாலும் நல்ல முத்து ஒன்று கிடைப்பது அரிது. அதனால்தான் முத்துக்கு அந்த விலை.

அந்த விலையைக் கவிழ்த்தவர் ஒரு ஜப்பானியர். கோகிச்சி மிகிமோட்டோ என்று பெயர்.

காலால் வித்தை காட்டிய பையன்

ஜப்பானில் டோபா என்ற சிறு கடற்கரை ஊர். அங்கே மிகிமோட்டோவின் தகப்பனார் சிற்றுண்டிக் கடை வைத்திருந்தார். சேமியாவைவிடத் தடித்த கோதுமை இழைகளைச் சுடச்சுடச் சாற்றில் போட்டுத் தரும் கடை. 1858-ல் மூத்த பிள்ளையாக மிகிமோட்டோ பிறந்தார். வீட்டில் வறுமை. சிறு வயதிலேயே காய்கறி விற்கக் கிளம்பிவிட்டார்.

ஒருமுறை பிரிட்டிஷ் கப்பல் ஒன்று டோபாவில் நங்கூரம் போட்டது. வியாபாரிகள் படகில் போய்ச் சூழ்ந்தார்கள். கப்பலில் யாரும் அவர்களை ஏறவிடவில்லை. மிகிமோட்டோ படகில் மல்லாந்து படுத்தார். காலாலேயே பந்தையும் குடையையும் சுழற்றி வித்தை காட்டினார். மாலுமிகள் சிரித்து மகிழ்ந்து அவரை மேலே ஏற்றிக்கொண்டார்கள். முட்டையும் காய்கறியும் விற்றுத் தீர்ந்தன! கடைசிவரை அவரிடம் இருந்த குணம் இது. சரக்கு இருந்தால் மட்டும் போதாது, நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இருபது வயதில் டோக்கியோவையும் யோக்கஹாமாவையும் பார்த்துவந்தார். அங்கே சீன வியாபாரிகள் கடல் அட்டையையும் முத்தையும் போட்டி போட்டு வாங்கினார்கள். ஊர் திரும்பியவர் காய்கறியை விட்டுவிட்டுக் கடல் சரக்கில் இறங்கினார்.

ஆனால் முத்துச் சிப்பி குறைந்துகொண்டே வந்தது. அந்தக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்கள் பெண்கள். கிடைத்ததை எல்லாம், குஞ்சுச் சிப்பி உட்பட, அள்ளிவிட்டார்கள். இப்படியே போனால் சிப்பி இனமே அழிந்துவிடும் என்று பயந்த மிகிமோட்டோ, 1888-ல் சிப்பி வளர்க்கத் தொடங்கினார்.

சிரித்தது ஊர்

சிப்பி வளர்ந்தால் முத்து வந்துவிடுமா? சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்தால் முத்தாகும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். 1890-ல் டோக்கியோ கண்காட்சியில் மிட்சுகுரி என்ற பேராசிரியரை மிகிமோட்டோ சந்தித்தார். அவர் விஷயத்தை விளக்கினார். சிப்பியின் உடலுக்குள் அன்னியப் பொருள் ஏதாவது புகுந்துவிட்டால் அதைத் துப்ப முடியாத சிப்பி, ஓட்டின் உட்புறம் பூசும் அதே பளபளப்பை அதன்மேலும் அடுக்கடுக்காகப் பூசுகிறது. அதுதான் முத்து. அப்படியானால் நாமே ஏன் ஒரு பொருளை உள்ளே வைக்கக்கூடாது?

சொல்வது சுலபம். உள்ளே வைத்ததைச் சிப்பி துப்பியது. துப்பாத சிப்பி செத்தது. மிஞ்சியதை நட்சத்திர மீனும் ஆக்டோபசும் தின்றன. கடன் ஏறியது. ஊர் சிரித்தது. வீட்டுப் பாரத்தைச் சுமந்தவர் மனைவி உமே.

1892-ல் கடல் நீர் சிவந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் திடீரென்று பெருகினால் இப்படி ஆகும். சிப்பிகள் மூச்சுத் திணறிச் சாகும். பண்ணையில் இருந்த சிப்பிகள் அழிந்தன. டோபா அருகே ஒரு சிறு தீவில் போட்டிருந்தவை மட்டும் தப்பின.

1893 ஜூலை 11. கணவனும் மனைவியும் அந்தத் தீவில் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்த்தார்கள். ஒன்றில் பளபளவென்று முத்து!

முழு முத்து அல்ல, பாதி முத்து. உடைத்த கடலைப் பருப்பு மாதிரி ஓட்டோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் மனிதன் கேட்டுச் சிப்பி தந்த முத்து அது. 1896-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில் உமே இறந்தார். வயது முப்பத்திரண்டு. ஐந்து குழந்தைகள். சிரித்த ஊர் வாயடைத்து நின்றதை அந்த அம்மாள் அதிக காலம் பார்க்கவில்லை.

கின்சாவில் கடை

1899-ல் டோக்கியோவின் கின்சா வீதியில் மிகிமோட்டோ தன் பெயரிலேயே முத்துக் கடை திறந்தார். அதுவரை முத்து, கை மாறிக் கை மாறி வரும் சரக்கு. யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. இவரோ வளர்ப்பதும் தானே, நகை செய்வதும் தானே, விற்பதும் தானே என்று வைத்துக்கொண்டார். சொந்தப் பட்டறை போட்டார். ஐரோப்பிய நகை வேலையைக் கற்றுவர ஆள் அனுப்பினார். ஜப்பானியப் பெண்களுக்கு அந்நாளில் கழுத்தில் மாலை போடும் வழக்கம் இல்லை. எனவே கொண்டை ஊசியும் இடுப்புப் பட்டையில் குத்தும் பதக்கமும் செய்தார். பாதி முத்து அவற்றுக்குப் போதும்.

ஆனால் மாலைக்கு உருண்டை முத்து வேண்டுமே! 1905-ல் மறுபடியும் கடல் சிவந்தது. எட்டரை லட்சம் சிப்பிகள் செத்தன. கரையில் நாறிக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார் மிகிமோட்டோ. அந்தக் குவியலில் ஐந்து உருண்டை முத்துகள் இருந்தன! முழு முத்தும் முடியும் என்று அன்று தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று உலகம் முழுவதும் கையாளும் முறை மிகிமோட்டோவுடையது அல்ல. மிசே என்பவரும், மிகிமோட்டோவின் மருமகன் நிஷிகாவாவும் தனித்தனியே கண்ட முறை அது. அமெரிக்க ஆற்றுச் சிப்பியின் ஓட்டைக் கடைந்து ஒரு மணி செய்கிறார்கள். இன்னொரு முத்துச் சிப்பியின் சதையில் சிறு துண்டு வெட்டி, மணியோடு சேர்த்து உள்ளே வைக்கிறார்கள். நிஷிகாவா 1909-லேயே இறந்துவிட்டார். பெயர் மாமனாருக்கு நிலைத்தது.

அசலா? போலியா?

1917-ல் நியூயார்க் நகரில், கார்ட்டியர் நகைக் கம்பெனி இரண்டு சரம் கடல் முத்து மாலையைக் கொடுத்து ஒரு மாளிகையையே வாங்கியது. மாலையின் மதிப்பு பத்து லட்சம் டாலர்!

அப்படிப்பட்ட சந்தையில் மிகிமோட்டோவின் உருண்டை முத்து நுழைந்தது. விலை குறைவு. பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. 1921-ல் லண்டனில் அமளி. போலி என்று வியாபாரிகள் கூவினார்கள். பாரிசில் வழக்கு நடந்தது. சிப்பி செய்ததுதான் முத்து, இதையும் சிப்பிதான் செய்தது என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். 1924-ல் தீர்ப்பு மிகிமோட்டோவுக்குச் சாதகமானது.

ஆனால் ஜப்பானிலேயே பலர் மட்ட முத்துகளை உற்பத்தி செய்து தள்ளினார்கள். 1932-ல் மிகிமோட்டோ கோபே நகரில், ஊரறிய, லட்சக்கணக்கான மட்ட முத்துகளைத் தீயில் கொட்டினார். பந்தும் குடையும் சுழற்றிய அதே பையன்தான்! உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன.

உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, கடல் முத்தின் விலை சரிந்தது. பஹ்ரைனிலும் குவைத்திலும் முத்துக்குளிப்பை நம்பி வாழ்ந்தவர்கள் கடனில் மூழ்கினார்கள். அந்தக் குடும்பங்களின் கணக்கில் மிகிமோட்டோ பெரிய மனிதர் அல்ல. பத்து லட்சம் டாலர் மாலையும் 1957-ல் சுமார் ஒன்றரை லட்சம் டாலருக்குத்தான் ஏலம் போனது.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1954 செப்டம்பர் 21-ல், தொண்ணூற்றாறு வயதில் காலமானார். அவர் முதல் முத்தெடுத்த தீவுக்கு இன்று அவர் பெயர்தான்.

மறு ஆண்டு, 1955-ல், தூத்துக்குடியில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு சலாபம் கூடியது. 1961-ல் நடந்ததே கடைசிச் சலாபம். அதற்கு மிகிமோட்டோவைக் குறை சொல்ல முடியாது. கடலடிப் பார்களில் சிப்பி இல்லாமல் போனதுதான் காரணம்.

முத்து விதைக்கும் நுட்பத்தை அன்னியருக்குக் கற்றுத்தருவதில் ஜப்பானியர்கள் மிகவும் கறார். எனவே தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானி அழகர்சாமி தாமாகவே முயன்றார். வேப்பலோடையில் பண்ணை. சிப்பி மன்னார் வளைகுடாவுடையது, ஜப்பான் சிப்பிக்கு மிக நெருங்கிய உறவு. 1973-ல் ஒரு சிப்பியைத் திறந்தபோது உள்ளே உருண்டையாக ஒரு முத்து இருந்தது.