பிரான்செஸ்கோ: தந்தை இட்ட பெயர்



நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினால் பிரான்சிஸ், பிரான்சிஸ்கா என்ற பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரை மனத்தில் வைத்தே நம் முன்னோர் இப்பெயரை விரும்பி இட்டனர். ஆனால் இந்தப் பெயரை உலகறியச் செய்தவர் அவருக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முன்பு வாழ்ந்த இத்தாலியர், அசிசி நகர்ப் புனிதர். அவருக்கும்கூட அது திருமுழுக்கில் கிடைத்த பெயர் அன்று.

அவர் பிறந்தது 1181 அல்லது 1182-ஆம் ஆண்டு. தந்தை பியேத்ரோ தி பெர்னர்தோனே, அசிசியில் வசதி படைத்த துணி வணிகர். பெர்னர்தோனேயின் மகன் பியேத்ரோ என்பதே இதன் பொருள். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நமக்கு இம்முறை புதிதல்ல. பியேத்ரோ என்பது நம் பேதுரு, அதாவது பாறை. குழந்தை பிறந்தபோது அவர் வணிகத்திற்காகப் பிரான்சு நாட்டில் இருந்தார். தாய் பிக்கா குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கச் செய்து, திருமுழுக்கு யோவானின் பெயரைச் சூட்டினார். இத்தாலிய மொழியில் அது ஜொவான்னி. ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்ற எபிரேயச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

வீடு திரும்பிய பியேத்ரோ பெயரை மாற்றினார். மகனைப் பிரான்செஸ்கோ என்று அழைத்தார். பிரெஞ்சுக்காரன் என்பதே அதன் பொருள். அக்காலத்தில் இப்பெயர் உடையோர் மிகச் சிலரே. பிராங்க் என்னும் இனத்தாரின் பெயரிலிருந்து பிரான்சு நாட்டின் பெயரும் இச்சொல்லும் பிறந்தன. அந்த இனத்தார் எவருக்கும் அடிமைப்படாத உரிமை பெற்றிருந்ததால், பிராங்கோ என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கட்டற்றவன் என்ற பொருளும் உண்டு. தந்தை இதையெல்லாம் ஆராய்ந்திருக்க மாட்டார். பிரான்சின் ஷாம்பெயின் பகுதிச் சந்தைகள் அன்றைய துணி வணிகத்தின் மையம். செல்வம் வந்த திசையின் பெயரை மகனுக்கு இட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மகன் அந்தப் பெயருக்கு ஏற்பவே வளர்ந்தான். நல்ல துணி, நண்பர்கள், விருந்து, பாட்டு. 1202-இல் பெரூஜியா நகருடன் நடந்த போரில் சிறைப்பட்டு ஏறத்தாழ ஓராண்டு அடைபட்டுக் கிடந்தான். பிறகு நோய். அதன்பின் புனித தமியானோ சிற்றாலயத்தில், சிலுவையிலிருந்து ஆண்டவர் தம் வீட்டைப் பழுதுபார்க்க அழைப்பதைக் கேட்டான். தந்தையின் துணிகளை ஃபொலிஞ்யோ நகரில் விற்று, ஏறிச் சென்ற குதிரையையும் விற்று, பணத்தை அந்த ஆலயத்து அருள்பணியாளரிடம் கொண்டு சென்றான்.

பியேத்ரோவின் சினத்தை நாம் எளிதில் பழித்துவிடலாம். ஆனால் அது அவர் உழைத்துச் சேர்த்த பொருள். அவர் மகனை வீட்டிலேயே சங்கிலியால் கட்டி வைத்தார். அவர் வெளியூர் சென்றிருந்தபோது தாய் பிக்கா அந்தக் கட்டை அவிழ்த்து விட்டார். தந்தை இல்லாத வேளையில் மகனுக்குப் பெயரிட்ட தாய், தந்தை இல்லாத வேளையிலேயே அவனை விடுவிக்கவும் செய்தார்.

1206-இல் வழக்கு ஆயர் குய்தோவின் முன் வந்தது. பிரான்சிஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். உடுத்தியிருந்த ஆடைகளையும் களைந்து தந்தையின் முன் வைத்தார். இனித் தமக்கு விண்ணகத் தந்தை ஒருவரே தந்தை என்று எல்லார் முன்னிலையிலும் அறிவித்தார். ஆயர் தம் மேலாடையால் அவரைப் போர்த்தினார்.

பணம் திரும்பியது, துணி திரும்பியது, பெயர் மட்டும் திரும்பவில்லை. தாய் இட்ட ஜொவான்னி என்ற பெயருக்கு அவர் மாறியிருக்கலாம். அது திருமுழுக்குப் பெயர், அதுவும் ஒரு புனிதரின் பெயர். பிறருக்குப் பெயர் மாற்றிக் கொடுக்கவும் அவர் தயங்கியதில்லை. பாவலர்களின் அரசன் என்று புகழ்பெற்றிருந்த ஒருவர் தம்மோடு சேர்ந்தபோது, அமைதியாளர் என்ற பொருளில் பச்சீபிக்கோ என்று பெயரிட்டார். புனித கிளாராவின் தங்கை கத்தரீனாவுக்கு ஆக்னஸ் என்ற பெயரைக் கொடுத்தார். (கிளாராவின் பெயரை மாற்றத் தேவையே எழவில்லை. உலகுக்கு ஒளி தரும் குழந்தையைப் பெறுவாய் என்று செபத்தில் உணர்ந்த தாய், ஒளி என்ற பொருளுள்ள கியாரா என்ற பெயரை முன்பே இட்டிருந்தார்.) தம்மை மட்டும், 1226-இல் எழுதுவித்த இறுதிச் சாசனம் வரை, சகோதரர் பிரான்சிஸ் என்றே குறிப்பிட்டார்.

காயம் எளிதில் ஆறிவிடவில்லை. தெருவில் மகனைக் காணும்போதெல்லாம் பியேத்ரோ சபிப்பார். பிரான்சிஸ் ஏழை ஒருவரைத் தம் தந்தையாக ஏற்று உடன் அழைத்துச் சென்றார். தந்தை சபிக்கும்போது அந்த ஏழை சிலுவை அடையாளமிட்டு ஆசி வழங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிற்காலத்தில் மக்கள் தம்மைப் போற்றியபோது, தம்மை இகழ்ந்து பேசுமாறு உடன் சகோதரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வார். அவர் இகழ்ந்ததும், பியேத்ரோ பெர்னர்தோனேயின் மகன் கேட்க வேண்டியது இதுதான் என்று மகிழ்வார். ஆயர் முன் கைவிட்ட உறவை இப்படி அவரே வாய்விட்டுச் சொன்னார்.

பெயரின் நாடும் அவரை விடவில்லை. உள்ளம் பொங்கும்போது அவர் பிரெஞ்சு மொழியிலேயே பாடினார். தமியானோ ஆலய விளக்குக்கு எண்ணெய் இரந்ததும் அம்மொழியிலேதான். 1217-இல் பிரான்சுக்கே நற்செய்தி அறிவிக்கப் புறப்பட்டார். நற்கருணை மீது அந்நாட்டார் கொண்டிருந்த பக்தி அவரை ஈர்த்தது. பிளாரன்ஸ் நகரில் கர்தினால் உகொலினோ அவரைத் தடுத்து, சபையைக் கவனிக்கத் திருப்பி அனுப்பினார். அவருக்குப் பதிலாகப் பச்சீபிக்கோ சென்றார்.

1224-இல் லா வெர்னா மலையில் ஆண்டவரின் ஐந்து காயங்களைப் பெற்ற பிரான்சிஸ், 1226 அக்டோபர் 3-ஆம் நாள் மாலை இறந்தார். சாவு நெருங்கியபோது, ஆயர் முன் நின்றது போலவே, ஆடையின்றி வெறுந்தரையில் கிடத்தச் சொன்னார். கர்தினால் உகொலினோ இதற்குள் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியாகி, 1228 ஜூலை 16-ஆம் நாள் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அரிதான பெயர் அதன்பின் வீடுதோறும் பரவியது. இத்தாலியில் ஆண் குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயராகப் பல ஆண்டுகள் இருந்து, 2018-இல்தான் லியோனார்தோவுக்கு முதலிடத்தை விட்டது. ஆயினும் 2013 மார்ச் 13 வரை எந்தத் திருத்தந்தையும் அதை ஏற்கவில்லை. அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட கர்தினால் பெர்கோலியோ, ஏழைகளை மறவாதிருக்கும்படி அருகிலிருந்த கர்தினால் ஊம்மஸ் சொன்னதைக் கேட்டு அப்பெயரைத் தேர்ந்தார். 2025 ஏப்ரல் 21-இல் இறக்கும்வரை அவர் பிரான்சிஸ் ஆகவே வாழ்ந்தார்.

அசிசியில் பியேத்ரோவின் வீடு இருந்த இடமாகக் கருதப்படும் இடத்தில் இன்று ஓர் ஆலயம் உள்ளது. அதன் முன்னே பெற்றோர் இருவருக்கும் வெண்கலச் சிலை. பியேத்ரோவும் பிக்காவும் அருகருகே நிற்கிறார்கள். தாயின் கையில் அந்தச் சங்கிலி இருக்கிறது.