கட்டளைக் கோபுரத்துக்குள் போகாத அட்மிரல்

ஜப்பானின் ககோஷிமாவில் 1848இல் பிறந்தவர் டோகோ ஹெய்ஹாச்சிரோ. 1863இல் பிரித்தானியக் கப்பல்கள் அவரது ஊரைத் தாக்கின. பின்னர் அதே பிரித்தானியாவுக்குச் சென்றே கடற்கலை பயின்றார்.

1905 மே 27ஆம் திகதி, சுஷிமா நீரிணையில் ரஷ்யக் கடற்படை எதிரே வந்தது. கவசமிட்ட கட்டளைக் கோபுரத்துக்குள் செல்லுமாறு அதிகாரிகள் வேண்டினர். அதன் ஒடுங்கிய பார்வைத் துவாரங்களால் கடல் முழுவதும் தெரியாது. டோகோ மறுத்து, மிகாசா கப்பலின் திறந்த மேற்தளத்திலேயே நின்றார்.

ரஷ்யத் தளபதி ரோஜெஸ்ட்வென்ஸ்கி கோபுரத்துக்குள் நின்றார். துவாரங்களூடாகப் பாய்ந்த குண்டுச் சிதறல்கள் அவரைப் படுகாயப்படுத்தின, பின்னர் சிறைப்பட்டார். மிகாசாவும் 30க்கு மேற்பட்ட குண்டுகளை வாங்கியது. டோகோ பிழைத்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு.

வென்றவர், சசேபோ வைத்தியசாலையில் கிடந்த எதிரியை நேரில் சென்று நலம் விசாரித்தார். 1934இல் டோகோ காலமானார்.