துப்பாக்கி பழக்கிய கை

நம்ம ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய திருச்சி வரகனேரியில் 1881-ல் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தும், ராஜ விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்துப் பட்டத்தையே உதறினார். 1910-ல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து, இளைஞர்களைக் குறிபார்த்துச் சுடப் பழக்கினார். அவரிடம் பழகிய வாஞ்சிநாதன்தான் 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் மாண்டார். துப்பாக்கி பிடித்த அதே கை பிறகு திருக்குறளை ஆங்கிலத்தில் எழுதியது.

ஆனால் அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி. எங்க வீட்டுல முதன்முதலா படிக்க வந்தவன் நான். அங்கே என்னை எங்கே உட்கார வைத்திருப்பாங்க?

1925-ல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். அந்த வீரத்தை எடுத்துக்கொள்வோம். அந்தப் பந்தியை விட்டுவிடுவோம்!