தமிழில் ‘வேணும்’, ஜப்பானில் ‘தைனிச்சி’: இரண்டு சொற்களில் சறுக்கிய சவேரியார்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டிலோ, பக்கத்தில் ஒரகடம், வல்லம் வடகாலிலோ ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். மீட்டிங்கில் நாம் பேசப் பேச, எதிரே உட்கார்ந்திருக்கும் ஜப்பானிய மேனேஜர் ‘ஹாய், ஹாய்’ என்று தலையாட்டுவார். ‘ஹாய்’ என்றால் ‘ஆமாம்’ என்று படித்திருப்பதால், ஓகே சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வெளியே வருவோம். அவர் சொன்னதோ, நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும்தான்.

இன்று இப்படி ஒரு சொல் தவறினால் ஒரு வேலை தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால், 16-ம் நூற்றாண்டில் தூத்துக்குடி கடற்கரையில் பணியாற்றிவிட்டுப் பிறகு ஜப்பானுக்குப் போன ஒருவருக்கு, ஒரே ஒரு சொல்லால் சுமார் இரண்டு ஆண்டு உழைப்பே கேள்விக்குறியானது. அவர்தான் பிரான்சிஸ் சவேரியார். பல பள்ளி, கல்லூரிகளின் பெயர்ப் பலகையில் நாம் பார்க்கும் அதே ‘சேவியர்’.

யார் இந்த சவேரியார்?

1506 ஏப்ரல் 7-ல், இன்றைய ஸ்பெயினின் வடக்கே உள்ள நவார் பகுதியில், கோட்டையும் நிலமும் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸில் படித்தபோது இக்னேஷியஸ் லயோலாவின் நட்பு கிடைத்தது. அந்த நண்பர் குழுவே பின்னாளில் இயேசு சபையானது. 1541-ல் லிஸ்பனில் கப்பல் ஏறியவர், ஓராண்டுக்கு மேல் பயணம் செய்து 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்துசேர்ந்தார். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என அந்தக் கடற்கரையில் வாழ்ந்த பரதவர்கள், போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடி சில ஆண்டுகளுக்கு முன்புதான் கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தார்கள்.

தமிழில் நடந்த தவறு என்ன?

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்கள் சிலரை உட்கார வைத்து, ஜெபங்களைத் தமிழில் மாற்றி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் அதை வீட்டில் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள்.

சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு பிழை கண்ணில் பட்டது. ‘நம்புகிறேன்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நம்பிக்கையை அறிக்கையிடும் ஜெபம், ஏதோ கேட்டு வாங்கும் ஜெபமாகியிருந்தது. 1544-ல் சக பணியாளர் மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, இனி ‘வேணும்’ வேண்டாம், ‘விசுவாசம்’ என்ற சொல்லால் அதைச் சொல்லிக்கொடுங்கள் என்று திருத்தினார்.

ஜப்பானுக்கு ஏன் போனார்?

1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். ஒரு கொலைக் குற்றத்துக்குப் பிறகு ககோஷிமாவிலிருந்து தப்பி வந்தவர் அவர். அஞ்சிரோ சொன்னதைக் கேட்டு ஜப்பான் மேல் சவேரியாருக்கு ஆசை வந்தது. சீனக் கப்பல் ஒன்றில் ஏறி, 1549 ஆகஸ்ட் 15-ல் ககோஷிமாவில் இறங்கினார். அப்போது அவருக்கு 43 வயது. கூடவே பாதிரியார் தோரஸ், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஹுவான் பெர்னாண்டஸ் என்ற சகோதரர், அஞ்சிரோ ஆகியோரும் வந்தனர். உதவியாளர்களில் ஒருவர் இந்தியர்.

அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

சோறு, காய்கறி, எப்போதாவது மீன். இறைச்சி கிடைப்பது அரிது. குளிரோ எலும்பை நடுங்க வைத்தது. மொழி தெரியாததால், சுற்றிலும் பேசுபவர்கள் நடுவே சிலை மாதிரி நிற்க வேண்டிய நிலை.

அஞ்சிரோ மொழிபெயர்த்துத் தந்ததை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு கோயில் படிகளில் உட்கார்ந்து வாசித்தார்கள். உச்சரிப்பைக் கேட்டு ஜனங்கள் சிரித்தார்கள். அப்படியும் ஜென் மடத் தலைவர் நின்ஜிட்சு அவருக்கு நண்பரானார்.

மொழியை வேகமாகப் பிடித்தவர் இளைஞர் பெர்னாண்டஸ்தான். யமகுச்சி நகரத் தெருக்களில் அவர் சத்தமாக வாசிப்பார், சவேரியார் பக்கத்தில் நிற்பார். ஒருமுறை கூட்டத்தில் ஒருவர் பெர்னாண்டஸின் முகத்தில் துப்பினார். துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அவர் பேச்சைத் தொடர்ந்தார்.

1550-51 குளிர்காலத்தில் பேரரசரைப் பார்க்கலாம் என்று பனியில் நடந்து கியோட்டோ போனார்கள். போரில் சிதைந்த நகரம்தான் மிச்சம். பேரரசரைப் பார்க்கவும் முடியவில்லை. கந்தல் உடைக்கு இங்கே மதிப்பில்லை என்பது சவேரியாருக்குப் புரிந்தது. அடுத்த முறை பட்டுடை உடுத்தி, கடிகாரம், இசைக்கருவி போன்ற பரிசுகளோடு யமகுச்சி பிரபு ஓஉச்சி யோஷிதகாவின் முன் போய் நின்றார். போதிக்க அனுமதி கிடைத்தது, தங்க ஒரு காலி மடமும் கிடைத்தது.

‘தைனிச்சி’ விவகாரம் என்ன?

கடவுளுக்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல்? அஞ்சிரோ கொடுத்த சொல் ‘தைனிச்சி’. சவேரியாரும் அதை நம்பி, தைனிச்சியை வணங்குங்கள் என்று போதித்து வந்தார். யமகுச்சியில் ஷிங்கோன் பௌத்தத் துறவிகள் அவரைச் சந்தோஷமாக வரவேற்றார்கள். காரணம், தைனிச்சி என்பது அவர்கள் போற்றும் வைரோசன புத்தரின் பெயர். இந்தியாவிலிருந்து வந்த இவரும் நம்ம ஆள்தான் என்று நினைத்துவிட்டார்கள்.

சவேரியாருக்குச் சந்தேகம் தட்டியது. துறவிகளிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். தான் சொல்வதும் அவர்கள் புரிந்துகொள்வதும் வேறு வேறு என்பது தெளிவானது. உடனே பெர்னாண்டஸைத் தெருவுக்கு அனுப்பி, தைனிச்சியை வணங்காதீர்கள் என்று அறிவிக்கச் செய்தார். அதன்பின் லத்தீன் சொல்லான ‘தேயுஸ்’ என்பதையே பயன்படுத்தினார். வரவேற்ற துறவிகள் பகையானார்கள்.

ஜப்பான் எப்படி வேறுபட்டது?

தமிழ்க் கடற்கரையில் சவேரியாரின் பின்னால் போர்ச்சுகீசியக் கப்பல்கள் இருந்தன. அங்கே சாமி சிலைகள் உடைக்கப்பட்டதை மகிழ்ச்சியோடு கடிதத்தில் எழுதியவர் அவர். கோவாவுக்கு மத விசாரணை மன்றம் வேண்டும் என்று 1546-ல் மன்னரிடம் கேட்டவரும் அவரே. அவர் இறந்த பிறகு 1560-ல் அமைந்த அந்த மன்றம், கொடுமைகளுக்குப் பெயர்போனது.

ஜப்பானில் அவர் பின்னால் எந்தப் படையும் இல்லை. எதிராளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. தைனிச்சி பிழை பிடிபட்டதும் அப்படித்தான்.

பிறகு என்ன ஆனது?

1551 நவம்பரில் ஜப்பானை விட்டுக் கிளம்பிய சவேரியார், சீனாவுக்குள் நுழையக் காத்திருந்தபோது 1552 டிசம்பர் 3-ல் சாங்சுவான் தீவில் இறந்தார். அப்போது வயது 46. உடல் கோவாவில் இருக்கிறது. 1622-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். பெர்னாண்டஸ் ஜப்பானிலேயே தங்கி, 1567-ல் அங்கேயே இறந்தார்.

முத்துக்குளித்துறையில் அடுத்து வந்த ஹென்ரிக்ஸ் பாதிரியார், தமிழை இலக்கணத்தோடு கற்றார். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்ததுதான். ஜப்பானில் ‘தேயுஸ்’ நிலைக்கவில்லை, இன்று அங்குள்ள கத்தோலிக்கர்கள் ‘காமி’ என்கிறார்கள். ஆனால் ‘வேணும்’ என்பதை அடித்துவிட்டு அவர் எழுதிய ‘விசுவாசம்’, தமிழ்க் கிறிஸ்தவர்களின் வாயில் இன்றும் அப்படியே இருக்கிறது.

ஜே.எல்.பி.டி. தேர்வுக்குச் சொற்களை மனப்பாடம் செய்கிறவர்கள் இதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளலாம். சவேரியாரும் மனப்பாடம்தான் செய்தார். அவரைக் காப்பாற்றியது அதுவல்ல. நான் சொன்னது உங்களுக்கு என்னவென்று புரிந்தது என்று எதிரில் இருந்தவரைத் திருப்பிக் கேட்டாரே, அதுதான்.