வாக்கால் கடன் தீர்த்த மார்க் ட்வெய்ன்

மேடைப் பேச்சு நமக்குப் புதிதல்ல. ராமாயண நவாஹம், பாகவத ஸப்தாஹம், ஹரிகதை என்று சபாக்களிலும் கோயில் மண்டபங்களிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நல்ல உபந்யாசகரிடம் முன்கூட்டியே தேதி வாங்கி, சன்மானம் பேசி, ரயில் டிக்கெட் எடுத்து, நோட்டீஸ் அடித்து, கூட்டம் வருமோ வராதோ என்று வாசலில் நின்று கவலைப்பட்ட அனுபவம் நம் கிளை அன்பர்கள் பலருக்கு உண்டு. பேச்சு ஒரு வித்தை. அந்த வித்தைக்குப் பின்னால் ஒரு தொழிலும் இருக்கிறது.

அந்தத் தொழிலைச் சிறுகச் சிறுகக் கற்று, வளர்த்து, வயதான காலத்தில் அதைக் கொண்டே தம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட ஒரு அமெரிக்க எழுத்தாளரின் கதை இது. மும்பை, புனே, பரோடா, பிரயாக்ராஜ், காசி, கொல்கத்தா, லக்னோ, கான்பூர், ஆக்ரா, ஜெய்ப்பூர், டெல்லி என்று இன்று நம் அங்கத்தினர்கள் வசிக்கும் பல ஊர்களுக்கும் அவர் வந்து போயிருக்கிறார். அவர்தான் மார்க் ட்வெய்ன்.

அவருடைய இயற்பெயர் ஸாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ். 1835 நவம்பர் 30 அன்று மிஸௌரி மாநிலத்தில் பிறந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலைக்குப் போனார். பிறகு மிஸிஸிப்பி நதியில் நீராவிப் படகு ஓட்டும் உரிமம் பெற்றார். 1861ல் உள்நாட்டுப் போர் மூண்டு நதிப் போக்குவரத்து நின்றதும் மேற்கே நெவாடாவுக்குப் போய், பத்திரிகை நிருபர் ஆனார்.

அங்கேதான் 1863ல் ஆர்ட்டிமஸ் வார்டு என்ற நகைச்சுவைப் பேச்சாளரின் நிகழ்ச்சியைக் கேட்டார். வார்டு சிரிக்கவே மாட்டார். தாம் சொல்வதில் வேடிக்கை இருப்பதே தமக்குத் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார். சபையோ விழுந்து விழுந்து சிரிக்கும். எந்த இடத்தில் நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பதை இளைஞர் ட்வெய்ன் மனதில் குறித்துக்கொண்டார்.

1866ல் ஒரு பத்திரிகைக்காக ஹவாய் தீவுகளுக்குப் போய் நான்கு மாதம் தங்கிக் கட்டுரைகள் எழுதினார். ஸான் ஃபிரான்ஸிஸ்கோ திரும்பியபோது கையில் காசில்லை. அந்தத் தீவுகளைப் பற்றிப் பேசினால் என்ன என்று தோன்றியது. ஒரு நாடகக் கொட்டகையைப் பாதி வாடகைக்குப் பேசினார். விளம்பரத்தைக் கடனில் அச்சடித்தார். எட்டு மணிக்குத் தொல்லை ஆரம்பமாகும் என்கிற பொருளில் அதில் ஒரு வரி சேர்த்தார். ஊரே அதைப் பேசிச் சிரித்தது.

ஆனால் நாள் நெருங்க நெருங்க அவருக்கு நடுக்கம் வந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. யாருமே சிரிக்காவிட்டால் என்ன செய்வது என்று, நண்பர்கள் சிலரைச் சபையில் ஆங்காங்கே உட்கார வைத்து, தாம் ஜாடை காட்டும்போது உரக்கச் சிரிக்கும்படி ஏற்பாடு செய்தார். 1866 அக்டோபர் 2 மாலை கொட்டகை நிரம்பி வழிந்தது. செலவு போகச் சுமார் 400 டாலர் தேறியது. அப்போது அவருக்கு வயது 30. உடனே ஒரு பத்திரிகை நண்பரை மேனேஜராக வைத்துக்கொண்டு கலிஃபோர்னியா, நெவாடா ஊர்களில் அதே பேச்சைப் பேசினார்.

புது ஊரில் இது செல்லவில்லை. 1867 மே மாதம் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் மண்டபத்தில் அவரை அறிந்தவர் குறைவு, டிக்கெட் விற்கவில்லை. பள்ளி ஆசிரியர்களுக்கு இலவச டிக்கெட்டுகளை அனுப்பி மண்டபத்தை நிரப்பினார்கள். பணம் வரவில்லை, பெயர் வந்தது. பெயர் வந்தால் பணம் பின்னால் வரும் என்ற கணக்கு சரியாகவே இருந்தது.

அந்த நாளில் அமெரிக்காவின் சிற்றூர்களில் லைஸியம் என்னும் அறிவுச் சங்கங்கள் இருந்தன. குளிர்காலத்தில் பேச்சாளர்களை வரவழைத்துச் சந்தாதாரர்களுக்கு நிகழ்ச்சி நடத்துவார்கள். இந்தச் சங்கங்களுக்கும் பேச்சாளர்களுக்கும் நடுவே நின்று, தேதி, ரயில், கட்டணம் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்ய 1868ல் ஜேம்ஸ் ரெட்பாத் என்பவர் பாஸ்டனில் ஒரு நிலையம் தொடங்கினார். கமிஷன் நூற்றுக்குப் பத்து. ட்வெய்ன் அதில் சேர்ந்தார். ஓர் இரவுக்கு 100 டாலர் என்ற அளவில் அவருக்குக் கிடைத்தது; பிறகு அது உயர்ந்தது.

ரெட்பாத்தின் பேச்சாளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் பேச்சை முதலில் சின்ன ஊர்களில் பேசிப் பார்ப்பார்கள். சிரிப்பு வராத இடத்தை வெட்டுவார்கள், வந்த இடத்தை வளர்ப்பார்கள். பதம் வந்த பிறகுதான் பாஸ்டனின் பெரிய மண்டபத்தில் ஏறுவார்கள். ட்வெய்னும் அப்படியே செய்தார். 1871ல் புறப்பட்ட பயணத்தில் அவர் எடுத்துப் போன பேச்சு எடுபடவில்லை. தயங்காமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று தயாரித்தார். அதுவும் திருப்தி தராமல் போகவே, நடுவழியிலேயே மூன்றாவதாக ஒன்றை எழுதி மனப்பாடம் செய்தார்.

மனப்பாடம் செய்வதிலும் அவருக்குத் தொல்லை இருந்தது. எந்தக் கதைக்குப் பின் எந்தக் கதை என்பது மறந்துவிடும். குறிப்புச் சீட்டு வைத்துப் பார்த்தார், குழம்பியது. பத்து விரல் நகங்களில் பத்து எழுத்துக்களை மையால் எழுதிக்கொண்டார். சபையோர் அவர் பேச்சை விட்டுவிட்டு நகங்களைக் கவனிக்க ஆரம்பித்தார்கள்! கடைசியில் ஒவ்வொரு கதைக்கும் ஒரு சின்னப் படம் வரைந்து மனதில் பதிய வைத்துக்கொண்டார், காகிதமே தேவைப்படவில்லை. தயாரிப்பில்லாமல் வந்து ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று சபை நினைக்கும். அந்த அலட்சியத் தோற்றம் முழுக்க உழைப்பினால் வந்தது.

பத்திரிகைகள் பேச்சின் சாரத்தை அப்படியே வெளியிட்டால் அவருக்குக் கோபம் வரும். அடுத்த ஊரில் எல்லோரும் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் யார் சிரிப்பார்கள்? சரக்கு வெளியே போனால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

இவ்வளவு தெரிந்தும் அந்தப் பிழைப்பை அவர் விரும்பவில்லை. 1870ல் ஒலிவியா லாங்டனை மணந்துகொண்ட பிறகு, குளிரில் ரயில் ரயிலாக ஏறி, தினம் ஒரு ஹோட்டலில் படுத்து எழுவது கசந்தது. புத்தகங்கள் நன்றாக விற்க ஆரம்பித்ததும் மேடையைக் குறைத்துக்கொண்டார். 1884-85ல் ஜார்ஜ் கேபிள் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து சுமார் 100 நிகழ்ச்சிகள் நடத்தினார். அதில் ஒரு பாடம் கற்றார். அச்சில் படிக்க நன்றாக இருக்கும் பகுதி, மேடையில் அப்படியே வாசித்தால் சவசவவென்று ஆகிவிடுகிறது. பேச்சுக்கென்று அதைக் கலைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டுக் கதையாகச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் சபை அவர் வசமானது.

அவருடைய புத்திக் கூர்மை முதலீட்டு விஷயத்தில் உதவவில்லை. அச்சு எழுத்துக்களைத் தானே கோர்க்கும் பெய்ஜ் இயந்திரத்தில் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் போட்டார். இயந்திரம் அடிக்கடி பழுதாகிக் கடைசியில் சந்தைக்கே உதவாமல் போயிற்று. சொந்தமாக நடத்திய பதிப்பகம், ஜெனரல் கிராண்டின் சுயசரிதையை வெளியிட்டு முதலில் பெரும் லாபம் கண்டது. பிறகு நஷ்டத்தில் விழுந்தது. 1893ல் அமெரிக்காவில் பெரிய பண நெருக்கடி வந்தது. 1894 ஏப்ரல் 18 அன்று பதிப்பகம் திவாலாயிற்று. கடன் சுமார் 1 லட்சம் டாலர்.

ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் ஹென்றி ரோஜர்ஸ் என்ற பெரும் செல்வந்தர் நண்பராக வந்து கணக்கு வழக்குகளை ஏற்று நடத்தினார். புத்தக உரிமைகளை ஒலிவியாவின் பெயருக்கு மாற்றிக் காப்பாற்றினார். கடன் கொடுத்தவர்களில் பலர் பாதித் தொகையோடு கணக்கை முடித்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் கடைசி ஸென்ட் வரை கொடுத்தாக வேண்டும் என்பதில் ஒலிவியா உறுதியாக நின்றார். நாணயம் போனால் எழுத்தாளனுக்கு என்ன மிச்சம் என்ற எண்ணம் ட்வெய்னுக்கும் இருந்தது.

கொடுப்பதற்கு என்ன இருந்தது? வீடு வாடகைக்குப் போயிருந்தது, சேமிப்பு கரைந்திருந்தது. மீதமிருந்தது நாக்கு ஒன்றுதான். விட்டுவிட்ட தொழிலை 59 வயதில் மீண்டும் கையில் எடுத்தார். இம்முறை உலகம் முழுவதும் சுற்றுவதென்று முடிவாயிற்று. அமெரிக்கப் பகுதிக்கு மேஜர் பாண்ட் ஏஜென்ட். கடல் கடந்த பகுதிக்கு ஆஸ்திரேலியாவின் ஸ்மைத். மனைவியும் நடு மகள் கிளாராவும் கூட வந்தார்கள். மூத்த மகள் ஸூஸியும் கடைசி மகள் ஜீனும் அமெரிக்காவில் தங்கினார்கள்.

1895 ஜூலை 15 அன்று கிளீவ்லாந்தில் முதல் நிகழ்ச்சி. காலில் ராஜபிளவை வந்து வாரக்கணக்கில் படுத்திருந்தவர், அந்தக் கட்டியோடுதான் மேடையேறினார். ஆகஸ்டில் பஸிபிக் சமுத்திரத்தில் கப்பல் ஏறினார். ஹவாயில் காலரா பரவியிருந்ததால் இறங்க முடியவில்லை, பேச்சும் ரத்தாயிற்று. பிறகு ஆஸ்திரேலியா, நியூஸீலாந்து, இலங்கை. ஒரே ஊரில் இரண்டு மூன்று நாள் பேச வேண்டி வரும் என்பதால், கதைகளை மாற்றி மாற்றி அடுக்கித் தனித்தனி நிகழ்ச்சிகளாக வைத்திருந்தார். முதல் நாள் வந்தவர் மறுநாளும் டிக்கெட் வாங்க வேண்டுமல்லவா?

1896 ஜனவரி 18 அன்று பம்பாய் வந்து சேர்ந்தார். வந்ததும் இருமல். வாட்ஸன்ஸ் ஹோட்டலில் படுத்தபடி, பால்கனியில் வந்து உட்கார்ந்து தம்மை விமர்சிக்கும் காக்கைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிற்பாடு அவற்றைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஜனவரி 24 அன்று நாவல்டி தியேட்டரில் முதல் பேச்சு. ஆங்கில அதிகாரிகளோடு, ஆங்கிலம் படித்த நம்மவர்களும் காசு கொடுத்து வந்து கேட்டார்கள். பிறகு பூனா; பரோடாவில் மஹாராஜா சயாஜிராவின் அரண்மனை; அலகாபாதில் மேளாவுக்கு வந்திருந்த ஜனசமுத்திரம்.

காசியில் ஸ்வாமி பாஸ்கரானந்த ஸரஸ்வதியைத் தரிசித்தார். ஊரையே கிண்டல் செய்யும் அவர், இந்தத் துறவியிடம் உண்மையான மரியாதையோடு நடந்துகொண்டார். ஸ்வாமி தம் நூலைக் கொடுக்க, ட்வெய்ன் பதிலுக்குத் தமது ஹக்கிள்பெரி ஃபின் நாவலைக் கொடுத்தார். கல்கத்தாவில் மூன்று நிகழ்ச்சிகள். டார்ஜிலிங் மலையிலிருந்து தண்டவாளத்தில் ஓடும் சிறு கைவண்டியில் இறங்கினார். லக்னோ, கான்பூர், ஆக்ரா, ஜெய்ப்பூர், டெல்லி, லாகூர், ராவல்பிண்டி என்று வடக்கே சுற்றினார். நடுவில் ஜெய்ப்பூரில் உடம்புக்கு வந்து படுத்தார். எழுந்ததும் மறுபடி புறப்பட்டார். மார்ச் இறுதியில் கல்கத்தாவில் கப்பல் ஏறினார். அந்தக் கப்பல் சென்னையில் ஒரு நாள் நின்றது. ஆனால் அவர் பேச்சைக் கேட்கச் சென்னைவாசிகளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. மொரீஷியஸ் வழியாகத் தென்னாப்பிரிக்கா போனார். புறப்பட்டுச் சரியாக ஒரு வருடம் கழித்து, 1896 ஜூலை 15 அன்று கேப் டவுனில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அதற்குள் நூறு மேடைகளுக்கு மேல் ஏறிவிட்டார்.

இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டில் ஒரு வீடு எடுத்து, இரு மகள்களின் வரவுக்காகக் காத்திருந்தார்கள். ஸூஸிக்கு உடல் நலமில்லை என்று தகவல் வந்தது. ஒலிவியாவும் கிளாராவும் உடனே கப்பல் ஏறினார்கள். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது, ஆகஸ்ட் 18 அன்று மூளைக் காய்ச்சலால் ஸூஸி இறந்துபோனாள். வயது 24. தந்தி கில்ட்ஃபோர்டில் தனியாக இருந்த தகப்பனார் கையில் கிடைத்தது. கடனுக்காக உலகைச் சுற்றிய ஒரு வருடம், மகளோடு இருந்திருக்கக்கூடிய கடைசி வருடமாகவும் போயிற்று. அந்தக் குற்ற உணர்வு அவரை விடவே இல்லை.

லண்டனில் விருந்து விழா எதற்கும் போகாமல் ஒதுங்கியிருந்து, தம் பயண அனுபவங்களை எழுதி முடித்தார். 1897ல் அந்தப் புத்தகம் வெளியாயிற்று. பேச்சில் வந்த பணமும் புத்தகத்தில் வந்த பணமும் ரோஜர்ஸ் மூலம் கடன்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 1898 தொடக்கத்தில் பாக்கி இல்லாமல் எல்லாக் கடனும் தீர்ந்தது. 1900ல் அவர் அமெரிக்கா திரும்பியபோது நாடே எழுந்து நின்று வரவேற்றது.

அதன் பிறகு மேடை வியாபாரத்துக்கு அவர் திரும்பவில்லை. பேசினார், நல்ல காரியங்களுக்காகப் பேசினார், தமக்கென்று காசு வாங்கிப் பேசவில்லை. 1904ல் ஒலிவியா காலமானார். 1910 ஏப்ரல் 21 அன்று, தமது 74வது வயதில் ட்வெய்ன் மறைந்தார்.

இன்று பேச்சுப் பயிற்சி வகுப்புகளுக்கும் பயிலரங்குகளுக்கும் போகும் நம் இளைஞர்கள் பலர் பேச்சையே தொழிலாகக் கொள்ள நினைக்கிறார்கள். சின்ன ஊரில் பழகிப் பார்ப்பது, எடுபடாததைத் தூக்கிப் போடுவது, நல்ல ஏஜென்டிடம் கணக்கை ஒப்படைப்பது என்று ட்வெய்னிடம் கற்க நிறைய இருக்கிறது. அவர் மனைவியிடம் கற்கவும் ஒன்று உண்டு. பாதி போதும் என்று பிறர் சொன்ன இடத்தில் முழுவதும் தருவோம் என்று சொன்ன அந்த அம்மையார் மேடையேறியதில்லை. அவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் கணவர் ஊர் ஊராகப் பேசினார்.